உறையும் ஊசியும்: ஆபிரிக்காவில் மூளைமென்சவ்வழற்சித் தடுப்பின் வரலாறு

ஒரு நோய்க்கு ஒரு தடுப்பூசி போதும் என்னும் பொதுக் கருத்து எல்லா நோய்களுக்கும் பொருந்துவதன்று. மூளையையும் முண்ணாணையும் போர்த்துள்ள மென்சவ்வுகளைத் தாக்கும் மூளைமென்சவ்வழற்சி இதற்குத் தக்க சான்றாகும். 1887 ஆம் ஆண்டில் வியன்னா நகரில் வைக்செல்பாம் பிரித்தறிந்த மெனிங்கோகொக்கசு என்னும் பற்றீரியா, தன்னைச் சூழ்ந்துள்ள பல்சக்கரைட்டு உறையின் வேறுபாட்டாற் பன்னிரு வகைப்படும். அவற்றுள் ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், வை என்னும் ஆறுமே பெரும்பாலான நோய்க்குக் காரணமாவன. ஒரு வகையின் உறைக்கெதிராக உடலில் உருவாகும் பிறபொருளெதிரி மற்றொரு வகையைத் தடுப்பதில்லை. எனவே, ஊசியில் உள்ள வகையும் ஊரில் உலவும் வகையும் ஒத்திருப்பதிலேயே தடுப்பின் பயன் தங்கியுள்ளது.

மேற்கே செனகல் முதல் கிழக்கே எதியோப்பியா வரை பரந்த நிலப்பரப்பு இன்று மூளைமென்சவ்வழற்சி வலயம் எனப்படுகிறது; அவ்வலயத்தை 1963 இல் லாப்பேசோனி என்னும் பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். வறட்காற்றும் புழுதியும் மிகும் மாதங்களில் அங்கு ஏ வகை கொள்ளைநோயாய்ப் பரவுவது வழக்கமாயிருந்தது. 1996-97 இல் இரண்டரை இலட்சம் பேர் வரையில் நோயுற, ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். 1960களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்க இராணுவ ஆய்வுகூடத்தில் உருவான பல்சக்கரைட்டுத் தடுப்பூசி அன்றும் கைவசம் இருந்தது. ஆயினும் அது குழந்தைகளுக்குச் சிறிதே பயன் தந்தது; சில ஆண்டுகளில் வலுவிழந்தது; தொண்டையிற் கிருமி தங்குவதையும் தடுக்கவில்லை. ஆதலின் நோய் மூண்ட பின்னரே அது இடப்பட்டது.

இந்நிலையை மாற்றும் பொருட்டு 2001 இல் உலக சுகாதார நிறுவனமும் பாத் நிறுவனமும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. உறைப்பொருளைப் புரதத்துடன் பிணைத்து ஆக்கிய புதிய ஊசியை இந்தியாவின் பூனே நகரிலுள்ள சீரம் நிறுவனம் அரை டொலருக்கும் குறைந்த விலையில் உற்பத்தி செய்தது. 2010 டிசம்பரில் புர்க்கினா பாசோவில் அது பெருமளவில் இடப்படலாயிற்று. 2017 இன் பின் அவ்வலயத்தில் ஏ வகை நோய் உறுதிசெய்யப்படாமை இதன் பெருவெற்றியாகும்.

ஆயினும் நோய் ஒழிந்ததா? 2013 முதல் நைஜீரியாவிற் சி வகையின் புதிய குலமொன்று தலைதூக்கியது. 2017 இல் அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏ வகை அகன்ற இடத்தை ஏனையவை நிரப்பின என்பார் உளர். ஆனால் 2002 இல் புர்க்கினா பாசோவில் டபிள்யூ வகையும், 2006 இல் நைஜரில் எக்ஸ் வகையும் கொள்ளைநோயாய் மூண்டமை புதிய ஊசிக்கு முற்பட்டது. எனவே பழியனைத்தையும் ஊசியின் மேற் சுமத்துதல் பொருந்தாது. எனினும் ஒரு வகையை மட்டும் நோக்கிய ஊசி ஏனையவற்றிற்கு எதிரே செயலற்றது என்பது தெளிவு.

இப்பட்டறிவின் பயனாகவே ஏ, சி, டபிள்யூ, வை, எக்ஸ் என்னும் ஐந்தையும் தடுக்கும் ஊசி எழுந்தது. 2023 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற அதனை, 2024 இல் நைஜீரியா முதன்முதலாகப் பயன்படுத்தியது. பி வகை அதில் இல்லை. அதன் உறை மனித நரம்பிழையப் பொருளை ஒத்திருத்தலால், அதற்கு வேறு புரதங்களைக் கொண்டே ஊசி ஆக்கவேண்டியதாயிற்று. அவ்வலயத்தில் அவ்வகை அரிதென்பதும் கருதத்தக்கது.

இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்று. நோயாளியின் முண்ணாண் பாய்பொருளை எடுத்து வகையறியும் சிற்றூர் ஆய்வுகூடம், ஊசியை ஆக்கும் தொழிற்சாலைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. உலவும் வகையை அறியாதவிடத்து ஊசியின் பொருத்தத்தையும் அறிதல் இயலாது.