கல்லில் வெட்டிய பேரேடு

நாகமலை புதுக்கோட்டையை அடுத்த கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. அங்கே செட்டிப்புடவு என்ற குகையில் பெரிய தீர்த்தங்கரர் உருவத்தின் அடியில், அதைச் செய்வித்தவர் யார் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து. மாங்குளத்துக் குகையில் இருப்பது இன்னும் பழையது, கி.மு. 2ஆம் நூற்றாண்டளவினது. வெள்ளறை நிகமத்தார், அதாவது அவ்வூர் வணிகர் குழுவினர், துறவியர் பள்ளிக்குக் கொடுத்த கொடையை அது சொல்கிறது. அழகர்மலையிலோ உப்பு வணிகர், துணி வணிகர், மதுரைப் பொற்கொல்லர் என்று தொழிலோடு சேர்த்தே பெயர்கள். இவர்கள் புழங்கிய பொன்னும் காசும் எங்கே போயினவோ, கொடுத்தார்கள் என்ற கணக்கு மட்டும் நிற்கிறது. கிரிப்டோவைப் புதிதாகக் கற்பவர் காசை விட்டுவிட்டுக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

வாலட் என்றதும் அதற்குள் காசு கிடக்கும் என்றே தோன்றும். கிடப்பதில்லை. 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய பிட்காயினில், எந்த முகவரிக்கு எவ்வளவு என்பது ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒன்றுபோல் பதிவாகும் பேரேட்டில்தான் இருக்கிறது. வாலட்டில் இருப்பது அந்தக் கணக்கைக் கைமாற்றும் ரகசியச் சாவி. அதைப் பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்களாகத் தாளில் எழுதி வைக்கச் சொல்வார்கள். மைனிங்கிலும் தோண்டுவது எதுவுமில்லை. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் பேரேட்டில் சேர்கிறது. அதைச் சேர்க்கும் உரிமைக்காகக் கணினிகள் நிபந்தனைக்குப் பொருந்தும் ஓர் எண்ணைத் தேடுகின்றன. முதலில் கண்டவருக்குக் கூலி. தொடக்கத்தில் 50 பிட்காயினாக இருந்த அந்தக் கூலி, 2,10,000 பக்கத்துக்கு ஒரு முறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. பாறையில் எழுதுவது கடினம், அதனாலேயே அழித்து எழுதுவதும் கடினம். மைனிங்கில் செலவாகும் மின்சாரமும் உளியின் வேலையைத்தான் செய்கிறது: பழைய பக்கத்தைத் திருத்த நினைப்பவர் அதற்குப் பின் நடந்த உழைப்பு முழுவதையும் மறுபடி செய்தாக வேண்டும்.

கொடைக் கல்வெட்டு கைமாறும் பணமல்லவே என்று கேட்கலாம். உண்மை, நான் ஒப்பிடுவது பதிவை மட்டும்தான். இன்னொரு மறுப்பு பலமானது. கல்லுக்குப் படி ஒன்றுதான், பாறை போனால் எழுத்தும் போச்சு. 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தின் முடிவு அறிவிக்கப்பட்டபோது அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுக்கு வந்தது அந்த ஆபத்துதான். ஆயிரம் படிகள் உள்ள பேரேட்டுக்கு அது இல்லை. ஆனால் மேலூர் வட்டார மக்கள் மதுரை வரை பேரணியாக வந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. கல்லுக்காகக் கேட்க ஆள் இருந்தது. பிட்காயின் பேரேட்டுக்கோ சாவிதான் தெரியும், ஆளைத் தெரியாது. 12 சொல்லைத் தொலைத்தவர் முறையிட அங்கே ஒரு நிகமம் கிடையாது. சாவியைத் திருடியவர் போட்ட உத்தரவும் செல்லும்.

சாவியைப் பரிமாற்ற நிறுவனத்திடம் விட்டுவைப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். 2024 ஜூலையில் இந்திய நிறுவனம் ஒன்றின் வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவு போனது. களவு போனவை வேறு வகை நாணயங்கள் என்றாலும் தன் நாணயங்களும் முடக்கப்பட்டதால், ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோ ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்று வைத்திருக்கக்கூடியது என்று 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்.