கூகலில் சர்க்கரை எவ்வளவு?

கூகுள் இல்லை, கூகல். யூதக் குடும்ப விருந்துகளில் மேசைக்கு வரும் ஒரு நூடுல்ஸ் பண்டம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "எங்க பாட்டி செய்வாங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது சரிதான். ஆனா இதில் சேரும் பொருட்களைத் தனித்தனியா எடுத்துப் பார்த்தா, ஒவ்வொன்றும் வேற வேற நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. கடைசியில் வந்தவற்றில் ஒன்று சர்க்கரை.

முதல்ல செய்முறை. இன்று அமெரிக்க யூத வீடுகளில் பரவலாகச் செய்வது இப்படி: சுமார் 350 கிராம் அகலமான முட்டை நூடுல்ஸை முக்கால் பதத்துக்கு வேகவைத்து வடித்துக்கொள்ள வேண்டும். நாலஞ்சு முட்டை, அரைக் கிலோ காட்டேஜ் சீஸ் (உதிர்த்த பனீர் மாதிரி, ஆனா ஈரமா இருக்கும்), இரண்டு கப் புளித்த கிரீம், உருக்கின வெண்ணெய், அரைக் கப் சர்க்கரை, உலர்திராட்சை, பட்டைத்தூள். எல்லாத்தையும் கலந்து, வெண்ணெய் தடவின ட்ரேயில் ஊற்றி, 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் சுமார் ஒரு மணி நேரம் வைக்கணும். மேலே நொறுக்கின கார்ன்ஃபிளேக்ஸ் தூவுகிறவர்களும் உண்டு. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்துமெத்து. சதுரம் சதுரமா வெட்டிப் பரிமாறுவார்கள்.

கூகல் என்றால் ஜெர்மன் மொழியில் உருண்டை. சதுரத் துண்டுக்கு ஏன் உருண்டைன்னு பேர்?

காரணம் ஓய்வுநாள் சட்டம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதில் தொடங்கி சனிக்கிழமை இருட்டும் வரை நெருப்பு மூட்டக்கூடாது என்பது தோராவின் கட்டளை. ஆனா சனிக்கிழமை மதியம் சூடான சாப்பாடும் வேணும். அதனால் வெள்ளி மாலையே இறைச்சி, பயறு, பார்லி எல்லாத்தையும் ஒரு பானையில் போட்டு மூடி, பல ஊர்களில் பொது ரொட்டிக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க அது தணலில் தானா வேகும். இந்தக் குழம்புக்கு ஜெர்மனியில் ஷாலெட் என்று பேர், கிழக்கே போனால் சோலெண்ட். 1825-இல் கிறிஸ்தவத்துக்கு மாறிய கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனே, 1851-இல் வந்த தொகுப்பில் இந்த ஷாலெட்டைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். மதம் மாறினாலும் நாக்கு மாறவில்லை போல.

அந்தக் குழம்பின் மேலே ஒரு பிடி ரொட்டி மாவை வைத்தால் அதுவும் சேர்ந்து வெந்து உப்பி உருண்டையாகும். அதுதான் முதல் கூகல். பிறகு முட்டை சேர்ந்தது, தனிப் பாத்திரம் வந்தது, ரொட்டி இருந்த இடத்தில் நூடுல்ஸ் வந்தது. வடிவம் மாறியது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதுவரைக்கும் சர்க்கரை இல்லை. வெங்காயம், வாத்துக்கொழுப்பு, மிளகு, அவ்வளவுதான். கரும்புச் சர்க்கரை கடல் கடந்து வந்த விலை உயர்ந்த சரக்கு. 1747-இல் பெர்லினில் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர், பீட் கிழங்கிலிருந்தும் அதே சர்க்கரையை எடுக்கலாம் என்று காட்டினார். அவருடைய மாணவர் ஆஹார்ட் 1800-களின் தொடக்கத்தில் சைலீசியாவில் ஆலை தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டில் பீட் ஆலைகள் போலந்துப் பகுதியில் பரவ, சர்க்கரை சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. போலந்து யூதர்கள் மீனுக்குக்கூடச் சர்க்கரை போட்டார்கள். வடகிழக்கே லிதுவேனிய யூதர்கள் உப்பையும் மிளகையும் விடவில்லை. ஒரு தரப்பின் சமையலை இன்னொரு தரப்பு கேலி பண்ணுவது வழக்கமானது.

இந்த எல்லை எங்கே ஓடியது? 1959-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஊரியல் வைன்ரைஹ், இத்திஷ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஒரு நிலப்படத் தொகுப்பு தயாரிக்கத் தொடங்கினார். கிழக்கு ஐரோப்பாவுக்குப் போய் ஊர் ஊராக விசாரிக்க வழியில்லை. அந்த ஊர்களின் யூதர்களை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அதனால் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் வந்து சேர்ந்தவர்களைத் தேடிப்பிடித்து, உங்க ஊரில் இதை எப்படிச் சொல்வீங்க, எப்படிச் சமைப்பீங்க என்று கேட்டார்கள். 1965-இல் மார்வின் ஹெர்ட்ஸோக் வெளியிட்ட ஆய்வில், வார்சாவுக்குக் கிழக்கே வடக்கு தெற்காக ஓடும் இனிப்பு மீன் கோடு, இத்திஷ் வட்டார வழக்குகளின் எல்லையை ஒட்டியே போகிறது.

கூகலின் பேரே இந்த வழக்கு வேறுபாட்டுக்கு நல்ல உதாரணம். லிதுவேனியப் பக்கம் அதைக் கூகல் என்பார்கள். போலந்துப் பக்கம் கீகல். 'கீகல்' என்று சொல்கிற வீட்டில் சர்க்கரையும் இருக்கும் என்று பெரும்பாலும் எதிர்பார்க்கலாம்.

இப்போ மேலே சொன்ன அமெரிக்கச் செய்முறையைத் திரும்பப் பாருங்க. பேர் வடக்குப் பக்க உச்சரிப்பு, சுவை தெற்குப் பக்கத்தது. ஐரோப்பாவில் ஒருவரையொருவர் கேலி செய்த இரண்டு பக்கத்து ஆட்களும் நியூயார்க்கில் ஒரே தெருவில் குடியேறி, சம்பந்தம் பண்ணிக்கொண்டார்கள். ஜெருசலேமிலும் ஒரு வகை உண்டு. அங்கே சர்க்கரையைக் கருக்கிக் காரமெல் ஆக்கி, அதோடு மிளகுத்தூளையும் தாராளமா போடுவார்கள். இனிப்பும் காரமும் ஒரே துண்டில்.

பாலும் இறைச்சியும் ஒரே வேளையில் கூடாது என்பதால், இறைச்சி விருந்தில் சீஸ் போட்ட கூகலுக்கு இடமில்லை. அப்போ எண்ணெய்தான். சீஸ் வகை ஷாவுவோத் பண்டிகைக்கும், யோம் கிப்பூர் நோன்பு முடிக்கும் சாப்பாட்டுக்கும் பொருந்தும்.

வைன்ரைஹ் குழுவிடம் பேசியவர்களில் அநேகமாக யாரும் இன்று இல்லை. அவர்கள் சொன்ன ஊர்களில் இத்திஷ் பேசும் தெருவும் இல்லை. ஆனா ஒரு பேத்தி ட்ரேயில் மாவை ஊற்றும்போது அரைக் கப்பா, கால் கப்பா, இல்லை கொஞ்சம் மிளகா என்று முடிவு பண்ணுகிறாளே, அதில் அந்த ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்பது இன்னும் இருக்கிறது. பல நேரம் அது அவளுக்கே தெரியாது.