கடல் கடந்தோர் காணி

வேலணைத் தீவிலே சாட்டிக் கடற்கரையிற் கோயில் கொண்டிருக்கும் மாதாவுக்குச் சிந்தாத்திரை மாதா என்பது பெயர். நல்ல யாத்திரை அருளுபவள் என்பது அதன் பொருள். கடலோடிகள் வாழும் கரைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது. தீவகத்தார் சைவராயினும் கத்தோலிக்கராயினும் தோணியேறியும் கப்பலேறியும் பிழைப்புத் தேடிச் சென்ற மரபினர். சென்றவர் சிலர் மீண்டனர். பலர் சென்றவிடத்தே தங்கினர். அவர் விட்டுச்சென்ற வளவும் வயலும் பனங்காணியும் கரையிலே கிடந்தன. ஊரில் இல்லாதவனுடைய உரிமையைச் சட்டம் எவ்வளவு காலம் காத்து நின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தெழுதுமாறு ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் 1706ஆம் ஆண்டிற் கட்டளையிட்டான். யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அப்பணியை 1707ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடித்தான். தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து உடன்பட்டனர். இதுவே தேசவழமை. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பிரிவுகளால் இந்நூலை அறியாதார் இலர். ஆயின் காணி விற்பனை பற்றி அது கூறும் பகுதியைப் படிப்போர் சிலரே.

ஒருவன் தன் காணியை விற்க நினைத்தால், உரிமைக்காரருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாகக் கொண்ட அயற்காணிக்காரருக்கும் முன்னதாக அறிவித்தல் வேண்டும். அவர்கள் வாங்க விரும்பின் அவர்களுக்கே முதலிடம். பிற்காலத்துச் சட்ட நூல்கள் முன்கொள்ளுரிமை என்று குறிப்பது இதனையே. அறிவித்தலுக்குரிய தவணையை முன்னோர் தூரங் கருதி வகுத்திருந்தனர். அவ்வூரிலேயே இருப்பவனுக்கு ஒரு மாதம். அதே மாகாணத்தில் வேற்றூரில் இருப்பவனுக்கு இரண்டு மாதம். வேறு மாகாணத்தில் இருப்பவனுக்கு மூன்று மாதம். பிறதேசத்தில் இருப்பவனுக்கு ஓராண்டு.

இவ்வோராண்டு சிந்தித்தற்குரியது. பாய்க்கப்பலின் காலத்திலே சோழகக் காற்று ஒரு திசைக்குக் கொண்டுபோகும். வாடைக்காற்று மீளக் கொணரும். ஒரு செய்தி கடல் கடந்து சென்று, அதற்கு மறுமொழி வந்து சேர ஒரு காற்று மாறி மறு காற்று வரல் வேண்டும். தவணையை வகுத்தோர் காற்றின் கணக்கை அறிந்தே வகுத்தனர் எனக் கொள்வது பொருந்தும். பிறதேசம் போனவன் ஊரை நீங்கினானேயன்றி உரிமையை நீங்கினானல்லன் என்பதே அவர் கருத்து.

இவ்வழக்கம் தேசவழமை எழுதப்படுமுன்னரே மாற்றப்பட்டுவிட்டது. ஐசாக்ஸ் தானே அதனைப் பழைய முறை என்று குறித்து, கொமாண்டர் புளொம் என்பவனுடைய கட்டளைக்குப் பின் நிலவிய புதிய முறையையும் எழுதி வைத்தான். அதன்படி, விற்கும் எண்ணத்தை விற்பவனுக்குரிய தேவாலயத்திலே அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் கூறினாற் போதும். அக்காலத்துள் முன்வந்து உரிமை கேளாதவன் பின்னர்க் கேட்டல் இயலாது. ஆட்சியாளருக்கு இது எளிதாயிருந்திருக்கும். ஊரில் இருப்பவனுக்கும் பெருங்குறையில்லை. நாகபட்டினத்திலோ மலையாளக் கரையிலோ தங்கியிருந்தவனுக்கோ ஓராண்டு மூன்று வாரமாகச் சுருங்கிற்று. உள்ளத்தாற் சைவனாய்ப் பதிவேட்டிற் கிறித்தவனாய் வாழ்ந்த அக்காலத்துத் தமிழனின் காணி, அவன் மனம் ஒன்றாத தேவாலயத்திலே கூறப்பட்டது என்பதும் நினைக்கத்தக்கது.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் புறப்பட்டனர். புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பெற்று, மிச்சம் பிடித்த பணத்தை ஊருக்கு அனுப்பிக் காணி வாங்கினர். சிலர் அங்கேயும் வீடும் இறப்பர்த் தோட்டமும் வாங்கினர். இங்கேதான் சிக்கல் பிறந்தது. அசையும் பொருளின் உரிமை இறந்தவனுடைய நிலையான வதிவிடத்துச் சட்டத்தைத் தொடரும். அசையாப் பொருளோ அது கிடக்கும் நாட்டுச் சட்டத்துக்கு உட்படும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 1826ஆம் ஆண்டுப் பட்டயத்தின் வழி ஆங்கிலச் சட்டம் புகுந்திருந்தது. இங்கிலாந்தின் 1670ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, மரணசாதனம் எழுதாது இறந்தவனுடைய சொத்தில் மூன்றிலொன்று விதவைக்கு. எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாக. தேசவழமையின் பழைய விதியோ சீதனம் பெற்றுச் சென்ற மகளுக்குப் பெற்றோரின் எஞ்சிய சொத்திற் பங்கில்லை என்பது. தேடியதேட்டத்திற் பாதி மனைவிக்குரியது என்பதும் அதுவே. ஆகவே ஒரு தகப்பனுடைய வேலணை வளவு ஒரு கணக்கிலும், அவனுடைய பினாங்கு வீடு வேறொரு கணக்கிலும் பங்கிடப்படல் வேண்டியதாயிற்று. ஊரிலே பங்கு கேளாத மகள் அங்கே பங்காளியாவாள்.

இறந்தவன் எந்தச் சட்டத்துக்குரியவன் என்பதும் எளிதில் முடியும் வினாவன்று. தேசவழமை தமிழர் யாவருக்கும் உரிய சட்டமன்று, யாழ்ப்பாணத்தை நிலையான வதிவாகக் கொண்ட தமிழருக்கே உரியது என்பது 1913ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வலியுறுத்தப்பட்டது. முப்பது ஆண்டு கோலாலம்பூரிலே இருந்து, பென்சனுடன் மீண்டு ஊரிலே மாண்டவன் இடைக்காலத்தில் எவ்விடத்தவன்? அவன் ஊருக்கு எழுதிய கடிதங்களும், ஊரிலே கட்டிய வீடும், மகளை ஊரிலே மணம் செய்து கொடுத்தமையும் இத்தகைய வினாவிற் சான்றுகளாகும்.

உறுதியிலும் வேற்றுமை உண்டு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட உறுதியே காணியைக் கைமாற்றும். ஆயினும் அதற்கு முந்திய உறுதிகளெல்லாம் செவ்வையாயிருந்தாலன்றி அவ்வுறுதியால் மட்டும் உரித்து நிறையாது. மலாய் நாடுகளில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த தொறன்ஸ் முறை நிலவியது. அங்கே பதிவேட்டில் உள்ள பெயரே உரித்து. ஊரிலே தோம்பும் பழைய உறுதிக் கட்டும் பெட்டியில் வைத்துக் காத்தவன், அங்கே ஒரேயொரு பத்திரத்தை நம்பவேண்டியிருந்தது. மேலும் 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கு நிலச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட காணியை மலாயரல்லாதார் வாங்குதல் இயலாதாயிற்று. யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம் அளித்த நிர்வாகப் பத்திரமும் அங்குள்ள நீதிமன்றத்திலே மறுமுத்திரை பெற்றாலன்றி அங்கே செல்லாது. 1942 முதல் 1945 வரை யப்பானியர் மலாயாவை ஆண்டபோது கடிதமும் பணமும் நின்றன. பத்திரங்களும் காத்துக் கிடந்தன.

ஊரிலுள்ள காணிக்கு வந்த இடர் வேறு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், ஒருவன் பிறனுடைய காணியைப் பத்தாண்டு எதிரிடையாகவும் இடையூறின்றியும் ஆண்டால் அவனுக்கு உரித்துண்டு என்கிறது. இதற்கு விலக்கும் அச்சட்டத்திலேயே உண்டு. உரிமை மீறப்பட்ட முதற்பொழுதில் உடையவன் பராயமடையாதவனாகவோ, சித்தசுவாதீனமற்றவனாகவோ, கடல் கடந்திருப்பவனாகவோ இருப்பின், அந்நிலை நீங்கும்வரை பத்தாண்டுக் கணக்குத் தொடங்காது. குழந்தையோடும் பித்தனோடும் கடல் கடந்தவனை ஒரே வரிசையில் வைத்த சட்டம், அவனை இகழ்ந்து அவ்வாறு செய்ததன்று; தன் பொருளைத் தான் காக்கமாட்டாதவன் என்று இரங்கியே செய்தது. நெடுந்தீவான் நாள்தோறும் கடல் கடந்தே வேலணைப் பக்கம் வருகிறான். ஆயினும் அவன் சட்டத்தின் கண்ணிற் கடல் கடந்தவனல்லன். இலங்கையை விட்டு நீங்கியவனே அவ்வாறு கொள்ளப்படுவான்.

இவ்விரக்கத்துக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. கணக்குத் தொடங்கியபின் ஒருவன் கப்பலேறினால் அது நிற்பதில்லை. எக்குறை இருப்பினும், முப்பதாண்டு எதிரிடையாட்சி நிறைந்தால் உரித்து முடிந்துவிடும்.

பங்குக் காணியில் மட்டும் இன்னொரு காப்பு இருக்கிறது. ஒரு பங்காளியின் ஆட்சி மற்றப் பங்காளிகளின் ஆட்சியே என 1911ஆம் ஆண்டிற் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. ஆகவே ஊரிலிருக்கும் தமையன் வேலியடைத்துத் தேங்காய் பறித்து உண்டமையால் மட்டும் தம்பியின் பங்கை இழக்கச் செய்தல் முடியாது. தம்பியின் உரிமையை வெளிப்படையாக மறுத்தல் வேண்டும். ஆயின் பங்கு பிரிவினை வழக்கு வேறு. அதன் தீர்ப்பு எவரையும் கட்டும். வழக்குண்டென்று காணியிலே அறிவித்தல் ஒட்டுவர். நில அளவையாளர் பறையறைந்து சொல்லுவிப்பார். வேலணை வளவிலே முழங்கிய பறை கிள்ளானில் இருப்பவன் காதுக்கு எட்டுமா? வழக்கிற் பெயர் சொல்லப்படாத பங்காளிக்குப் பின்னர் எஞ்சுவது நட்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் குறை இங்கே வேறு வேடத்தில் வந்து நிற்கிறது.

1990, 1991ஆம் ஆண்டுகளிற் படையினர் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது வேலணை, சாட்டி முதலிய ஊர்கள் வெறுமையாயின. மக்கள் குடாநாட்டுக்கும் கொழும்புக்கும், பின்னர்க் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். பிறநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இலங்கைக் குடியுரிமையை இழந்தனர். 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற்றவரே விலக்கு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நியருக்குக் காணி கைமாற்றுதலைத் தடுத்தது. எனினும் நெருங்கிய உறவினர் உரிமைவழியாலும் நன்கொடையாலும் மரணசாதனத்தாலும் பெறுவதை அது தடுக்கவில்லை. ஆகவே தொறொன்ரோவில் வாழும் மகன் தகப்பனுடைய சாட்டிக் காணியைப் பெறலாம். அதற்கு அருகிலுள்ள துண்டை விலைக்கு வாங்குதல் அவனுக்கு இயலாது.

போரினால் வழக்குத் தொடர முடியாதவருக்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் பிறந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை ஆட்சிக் கணக்கிற் சேர்த்தலாகாது என்றது அது. ஆயின் அதன் பயனை வேண்டுவோர் ஈராண்டுக்குள் வழக்கிடல் வேண்டும் என்றும் விதித்தது. 2018ஆம் ஆண்டில் அத்தவணை முடிந்தது. அதன்பின் வருபவனுக்கு எஞ்சுவது 1871ஆம் ஆண்டின் பழைய விலக்கே. 1991ஆம் ஆண்டில் எவரேனும் புகுந்து இடையூறின்றி ஆண்ட வளவுக்கு, உடையவன் கடல் கடந்திருந்தானாயினும், முப்பதாண்டு 2021இல் நிறைந்தது.