கட்டிய பல், பொருத்திய பல், ஊன்றிய பல்: இழந்த பல்லை மீட்ட வரலாறும் ஜொகூர் மரப்பாலும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பழமொழி. முதுமையைக் குறித்த எள்ளலாகவே இதனைப் பலரும் கொள்வர். ஒலியியல் நோக்கில் இஃது எள்ளலன்று, உண்மை. எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் எண்ணும் எட்டனுள் பல்லும் ஒன்று. தகரமும் நகரமும் நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது. நன்னூலார் இதழ், நா, பல், அண்ணம் ஆகியவற்றின் முயற்சியைச் சொல்லும்போதும் பல்லுக்கு உரிய இடத்தை அளித்தார். ஆகவே, மேல்வரிசை முன்பற்களை இழந்த ஒருவர் 'தந்தை' என்று சொல்ல முயலும்போது, அச்சொல்லின் மெய்கள் யாவும் தாம் பிறக்கும் இடத்தை இழந்து நிற்கின்றன.

மொழியியலாளர் இதனை நெடுங்காலமாக அறிவர். கிளைமொழி ஆய்வுக்குத் தகவலாளரைத் தேரும்போது, செவி நன்கு கேட்கிறதா, வாயில் பற்கள் உள்ளனவா என்று பார்ப்பது வழக்கம். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை நடந்த ஆங்கிலக் கிளைமொழி அளவாய்விலும் இவ்விதி கைக்கொள்ளப்பட்டது. விதி நியாயமானதே. ஆனால் அதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழஞ்சொற்களை மிகுதியாக அறிந்த மூத்தோரே பல்லிழந்தோர். அவர்களை விலக்கினால், சொல்வளம் மிக்க வாய்களே பதிவிலிருந்து நீங்கிவிடும். எனவே பல்லிழந்த வாய்க்குப் பல் தந்த வரலாறு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. மொழி பயில்வார்க்கும் உரியது. அவ்வரலாற்றில் நாம் வாழும் ஜொகூர் மாநிலத்துக்குப் பலரும் அறியாத ஒரு பங்குண்டு.

கட்டுதல்

இழந்த பல்லை ஈடுசெய்யும் தொழிலின் வரலாற்றை மூன்று தமிழ் வினைகளால் வகுக்கலாம்: கட்டுதல், பொருத்துதல், ஊன்றுதல்.

முதலாவது கட்டுதல். இத்தாலியில் வாழ்ந்த எத்துருஸ்கர், கி.மு. 7ஆம் நூற்றாண்டு அளவிலேயே மெல்லிய பொற்பட்டையால் மாற்றுப் பல்லை அயற்பற்களோடு இணைத்துக் கட்டினர். பினீசியரின் சிதோன் நகரத்துக் கல்லறையில் பொற்கம்பியால் பிணைத்த பற்கள் கிடைத்துள்ளன. இம்முறையில் புதுப்பல்லுக்குத் தனக்கென நிலையில்லை. அண்டைப் பல்லின் வலிமையே அதன் வலிமை. அண்டைப் பல் ஆடினால் இதுவும் ஆடும். இன்று பல்மருத்துவர் பொதுவாக மாற்றுப் பல்லைக் கம்பியால் கட்டி நிறுத்துவதில்லை எனினும், பேச்சு வழக்கில் நாம் 'பல் கட்டினேன்' என்றே சொல்கிறோம். தொழில் மாறிய பின்னும் வினைச்சொல் மாறாது நிற்பதற்கு இது நல்ல சான்று.

பொருத்துதல்

இரண்டாவது பொருத்துதல். வாயில் ஒரு பல்லும் எஞ்சாதபோது கட்டுவதற்கு இடமில்லை. அப்பொழுது ஈறின்மேல் ஒரு தட்டை அமைத்து, அதில் பல்வரிசையைப் பதித்தனர். அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அணிந்த பற்களில் யானைத்தந்தமும் மனிதப் பற்களும் இருந்தன. 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போரில் மாண்ட வீரர்களின் பற்களைப் பிடுங்கி விற்றனர். 'வாட்டர்லூ பற்கள்' என்னும் பெயரே அதனால் எழுந்தது. தந்தமும் பொன்னும் செல்வர்க்கே எட்டின. எளியோர்க்கும் எட்டும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அதனை நாடியபோதுதான் உலகின் பார்வை மலாயாவின் மரங்கள்மேல் விழுந்தது.

மலாய் மொழியில் 'கெத்தா' என்றால் மரத்தின் பால் அல்லது பிசின். ஜொகூர்ப் பள்ளி மாணவர் யாவரும் அறிந்த சொல் அது. காட்டுமரம் ஒன்றிலிருந்து எடுத்த 'கெத்தா பெர்ச்சா' என்னும் பிசினைச் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843ஆம் ஆண்டு இலண்டனின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும் அதன் இயல்பு ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியது. 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே இடப்பட்ட கடலடித் தந்திக்கம்பிக்கு அதுவே உறையாயிற்று. பல்மருத்துவரும் அதனைக் கைக்கொண்டனர். பற்சொத்தையை அடைக்கவும், பொருத்துபல்லின் தட்டாகவும் பயன்படுத்திப் பார்த்தனர். பல்லின் வேர்க்குழாயைத் துப்புரவு செய்து அடைப்பதற்கு இன்றளவும் உலகெங்கும் அப்பொருளே பயன்படுகிறது.

இப்பிசின் வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர் ஜொகூரின் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம். சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் இருந்தவாறு, தம் ஆட்சிக்குட்பட்ட காடுகளிலிருந்து வந்த பிசினை அவர் தம் கைக்குள் வைத்திருந்தார். இன்றைய ஜொகூர் பாருவாகிய தஞ்சோங் புத்திரி 1855இல் அவர் காலத்தில்தான் தோன்றியது. அவ்வாணிகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பிசின் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தனர், மரங்கள் அருகின.

அடுத்து வந்தது இரப்பர். சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து இரப்பரைப் பதப்படுத்தும் முறையை 1839இல் கண்டார். அவர் தம்பி நெல்சன் குட்இயர் வன்மையான இரப்பருக்கு 1851இல் காப்புரிமை பெற்றார். 'வல்கனைட்' எனப்பட்ட அவ்வன்மை இரப்பர், வாயின் அச்சுக்கு ஏற்பப் படிந்து, மலிவாகவும் இருந்தது. ஆயினும் அதன் உரிமையைக் கைப்பற்றிய அமெரிக்க நிறுவனம் பல்மருத்துவரிடம் கடுமையாகக் கட்டணம் வசூலித்தது. அப்பூசல் முற்றி, 1879இல் அந்நிறுவனத்தின் பொருளாளரைப் பல்மருத்துவர் ஒருவர் சான்பிரான்சிஸ்கோவில் சுட்டுக் கொன்றார். பல்லின் விலை எக்காலத்தும் அமைதியான செய்தியாக இருந்ததில்லை.

தொடக்கத்தில் வல்கனைட்டுக்கான இரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. 1877இல் சிங்கப்பூருக்கு இரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. மரத்தைக் கொல்லாது பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். 1909இல் ஜொகூரின் ஊடாக இரயில்பாதை நிறைவுற்றபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. 1920 அளவில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் விளைந்தது. 1930களின் இறுதியில் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருள் வரும்வரை உலகின் பொருத்துபற்கள் பெரும்பாலும் வல்கனைட்டால் ஆனவை. ஆகவே அவ்விடைக்காலத்தில் இலண்டனிலும் நியூயார்க்கிலும் பலர் வாயில் அணிந்த தட்டில், நம் முன்னோர் விடியற்காலையில் சீவி எடுத்த பால் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி.

பால் எடுத்தவர் வாயின் நிலை என்ன? சிங்கப்பூரில் பல்மருத்துவப் பள்ளி 1929இல்தான் தொடங்கிற்று. முறையான பட்டம் பெற்றோர் மிகச் சிலர். பட்டணத்துக் கடைத்தெருவில் பட்டறிவால் பல் கட்டியோரே பலர். 1948ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அவர்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1971ஆம் ஆண்டுப் பல்மருத்துவச் சட்டமும் அவர்களைப் பதிவேட்டின் இரண்டாம் பிரிவில் வைத்திருந்தது. லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கோ பல்வலிக்குத் தெரிந்த தீர்வு பிடுங்குதல் ஒன்றே. உலகின் வாய்க்குத் தட்டுக் கொடுத்தவர் பலர், பொக்கைவாயோடே வாழ்ந்து மறைந்தனர்.

ஊன்றுதல்

மூன்றாவது ஊன்றுதல். இதற்கும் பழஞ்சான்று ஒன்றுண்டு. நடு அமெரிக்காவின் ஹோண்டுராசில் 1931இல் கிடைத்த மாயர் காலத்துத் தாடையெலும்பில், கீழ்முன்பற்கள் மூன்றின் இடத்தில் சிப்பித் துண்டுகள் இறக்கப்பட்டிருந்தன. 1970இல் அதனை ஆராய்ந்தபோது, சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. உயிரோடு இருந்தபோதே அவை ஊன்றப்பட்டன என்பதற்கு இது சான்றாயிற்று.

இன்றைய முறை தற்செயலாய்ப் பிறந்தது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1952இல் எலும்புக்குள் குருதியோட்டத்தைக் காண்பதற்காக முயலின் காலெலும்பில் டைட்டேனியத்தால் ஆன சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதனை எடுக்க முயன்றபோது எடுக்க இயலவில்லை. எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. இவ்வொன்றலை 'எலும்பிணைவு' என்று நாம் தமிழில் வழங்கலாம். 1965இல் யோஸ்தா லார்சன் என்பவர் தாடையில் நான்கு டைட்டேனிய வேர்களை அவர் ஊன்றினார். பிறப்பிலேயே தாடைக் குறையுற்றிருந்த லார்சன், 2006இல் இறக்கும்வரை அவ்வேர்களோடு வாழ்ந்தார். அறிவுலகம் இதனை உடனே ஏற்கவில்லை. 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவிற்று.

செய்முறை சுருக்கமாக இது: தாடையெலும்பில் துளையிட்டுத் திருகு வடிவான டைட்டேனிய வேரை இறக்குவர். பொதுவாக மூன்று முதல் ஆறு திங்கள் வரை எலும்பு அதனைப் பற்றக் காத்திருப்பர். பின்னர் அதன்மேல் இணைப்பையும் பல்லுருவையும் அமைப்பர். பல்லிழந்த இடத்தில் தாடையெலும்பு நாளடைவில் தேய்வது இயல்பு; ஊன்றிய வேர் அத்தேய்வைத் தணிக்கும். கட்டுக்கடங்காத நீரிழிவும் புகைப்பழக்கமும் இம்முறைக்குப் பகை. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் இச்செய்தியை நம்மவர் சிறப்பாகக் கருத்தில் கொள்ளவேண்டும்.

மொழிக்கு இதனால் என்ன பயன்? மேல்தாடைக்குரிய முழுத் தட்டு அண்ணத்தை மூடிவிடுகிறது. முன்பல் கிடைத்ததனால் தகரமும் நகரமும் மீள்கின்றன. ஆனால் நா வளைந்து அண்ணத்தை நாடிப் பிறக்கும் டகரமும் ணகரமும் ழகரமும் ளகரமும் தம் இடத்தில் ஓர் அயற்பொருளைச் சந்திக்கின்றன. நந, னன, ணண என மூவகை மூக்கொலியை வேறுபடுத்தும் தமிழுக்கு இஃது ஆங்கிலத்தைவிடப் பெரிய இடையூறு. பலர் சில வாரங்களில் பழகிக்கொள்வர்; சிலர் பேச்சையே குறைத்துக்கொள்வர். வேர் ஊன்றி அதன்மேல் பல்வரிசை அமைத்தால் பலருக்கு அண்ணத்தை மூடாது விடலாம். கட்டுதல் தோற்றத்தை மீட்டது. பொருத்துதல் உணவை மீட்டது. ஊன்றுதல் ஒலியையும் பெருமளவு மீட்கிறது.

ஆனால் பழைய கேள்வி இன்னும் நிற்கிறது: யார்க்கு? ஒரு வேருக்கே பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். தோட்டம் துண்டாடப்பட்டு, பாசிர் கூடாங்கிலும் மாசாயிலும் குடியேறிய மூத்த தலைமுறைக்கு அது எளிய தொகையன்று. எல்லாப் பல்லுக்கும் வேர் ஊன்ற வேண்டுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கீழ்த்தாடையில் இரண்டே வேர்களை ஊன்றி, அவற்றின்மேல் கழற்றி மாட்டத்தக்க பல்வரிசையை நிறுத்தும் முறையை, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய வல்லுநர்கள் பல்லற்ற கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாகப் பரிந்துரைத்தனர். இதனை அறியாது, 'ஒன்று, முழுச் செலவு. இல்லையேல் ஒன்றுமில்லை' என்று பின்வாங்குவோர் பலர்.

இழக்காமல் காப்பதே சிறந்தது என்பதற்கும் ஜொகூரே முன்னோடி. குடிநீரில் புளோரைடு சேர்க்கும் திட்டம் நாட்டில் முதலில் 1957இல் ஜொகூரில் தொடங்கிற்று. 1972இல் அமைச்சரவை அதனை நாடு முழுமைக்கும் ஏற்றது. பினாங்கில் 1949 முதல் பயிற்சி பெற்ற பல்தாதியர் பள்ளிதோறும் சென்று குழந்தைகளின் பற்களைப் பேணினர். இன்றைய மாணவர் தம் பாட்டனாரைவிட நெடுங்காலம் தம் பற்களோடு வாழ்வர் என்றால் அதற்கு இவை காரணம்.

நிறைவாக ஒரு சொல்லாய்வு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அதற்கெனக் கலைச்சொல் ஆக்கினார். நாமோ இன்று 'இம்பிளாண்ட்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். 'உள்வைப்பு' என்பாரும் 'பதியம்' என்பாரும் உளர். உள்ளே வைத்தல் என்பது எலும்பு பற்றுவதைச் சொல்லவில்லை. பதியம் என்பது தாய்ச்செடியோடு இருக்கும் கிளையை மண்ணில் வேர்விடச் செய்வது. இங்குத் தாய்ச்செடி இல்லை. 'ஊன்றுதல்' என்பது காலுக்கும் கம்புக்கும் விதைக்கும் வழங்கும் சொல். நிலைபெறுதலும் பற்றுதலும் அதனுள் அடங்கும். எனவே 'ஊன்றுபல்' என்பதை நாம் முன்வைக்கிறோம். மூதாட்டி ஒருவர்க்கு மருந்தகத்தில் விளக்க நேர்ந்தால், இச்சொல் பாதி விளக்கத்தைத் தானே செய்துவிடும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து மூத்தோரிடம் தோட்டத்துச் சொற்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பல்லில்லாதவரை விலக்கிவிடாதீர்கள். த எது, ந எது என ஐயுற்றால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை நீங்கள் திருப்பிச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். ஊன்றுபல் எல்லார்க்கும் எட்டும் காலம் வரும்வரை அவர்கள் சொல் காத்திருக்காது.