97 சதவீதம் சொல்லும் புரொபெல்லர்

மாடல் விமானம் கட்டும் மாணவர்கள் கணினியில் வடிவமைத்த புரொபெல்லரை என்னிடம் காட்டும்போது நான் மூன்று எண்களைத்தான் கேட்பேன்: விட்டம், பறக்கும் வேகம், உந்துவிசை. நிரல் தரும் திறன் 97 சதவீதமா, 70 சதவீதமா என்பதைப் பிறகு பார்க்கலாம். அந்த மூன்று எண்களே ஓர் உச்சவரம்பைச் சொல்லிவிடும்.

அதற்கான வழியைக் காட்டியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராங்கின். 1865-இல் கப்பல் புரொபெல்லருக்காக அவர் போட்ட கணக்கில் இதழ்களே கிடையாது. நீரைப் பின்னுக்குத் தள்ளும் ஒரு வட்டம் மட்டும்தான். தள்ளப்பட்ட நீர் கொண்டுபோகும் ஆற்றலை யாராலும் மிச்சம் பிடிக்க முடியாது. 1878-இல் வில்லியம் ஃப்ரூடு வேறு வழியில் போனார். இதழைக் குறுக்கே துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு இறக்கையாகக் கணக்கிட்டார். ஆனால் புரொபெல்லர் தானே உள்ளிழுக்கும் ஓட்டம் அதில் சேரவில்லை. ஒருவர் கணக்கில் இதழ் இல்லை, மற்றவர் கணக்கில் ஓட்டம் இல்லை. இரண்டும் சரியாக இணைய ஏறக்குறைய நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1919-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பெட்ஸ், 1920-களில் இங்கிலாந்தில் கிளாவெர்ட், 1929-இல் கோல்ட்ஸ்டைன் என்று அந்த வேலை நடந்தது.

இன்றைய அமெச்சூர் நிரல்கள் தரும் அபத்தமான எண்களில் பல, இந்த இணைப்பு பாதியில் நின்றுபோனதால் வருபவை என்பது என் உறுதியான கருத்து.

உச்சவரம்புக்கும் உண்மையான எண்ணுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க, ரைட் சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். 1902-03 குளிர்காலத்தில் அவர்கள் கப்பல் நூல்களைத் தேடிப்போனார்கள். அனுபவ விதிகளுக்கு மேல் உதவியாக எதுவும் கிடைக்கவில்லை. தங்கள் காற்றுச் சுரங்க அளவீடுகளை வைத்து, எட்டரை அடி விட்டத்தில் ஸ்புரூஸ் மரத்தில் இரண்டு புரொபெல்லர்களைச் செதுக்கினார்கள். தேவைப்பட்ட உந்துவிசை 90 பவுண்டு. வேகத்தை மணிக்கு 30 மைல் என்று வைத்துக்கொண்டால், ராங்கின் வழிக் கணக்கு தரும் உச்சவரம்பு சுமார் 93 சதவீதம். அவர்கள் எதிர்பார்த்தது 66. பின்னாளில் அதே வடிவத்தில் செய்து சோதித்தபோது 75-க்கும் மேல் கிடைத்தது. சோதனை தந்த அந்த நேர்மையான எண்ணுக்கும் 93-க்கும் உள்ள இடைவெளிதான் இதழின் இழுவை, பின்னால் சுழலும் காற்று, நுனி இழப்பு எல்லாம். ஒரு நிரல் அந்த இடைவெளியைக் காட்டாவிட்டால் எதையோ விட்டிருக்கிறது.

எதை? திறன் 100-ஐப் பல மடங்கு தாண்டினால் அலகைப் பாருங்கள். முறுக்குவிசையை ரேடியனில் உள்ள சுழற்சி வேகத்தால் பெருக்க வேண்டிய இடத்தில், விநாடிக்கு இத்தனை சுற்று என்பதால் பெருக்கியிருப்பார்கள். 60 சதவீதம் 377 ஆகிவிடும். விமானம் மிக வேகமாகப் போகும் நிலையில் மட்டும் எண் எகிறினால், புரொபெல்லர் காற்றாலையாக மாறும் எல்லையில் இருக்கிறது. முறுக்குவிசை பூஜ்யத்தை நெருங்க, வகுத்தல் கட்டுப்பாடு இழக்கிறது. நின்ற இடத்தில் திறன் பூஜ்யம் என்று வந்தால் அது பிழையே அல்ல. உந்துவிசை எவ்வளவு இருந்தாலும், வேகம் இல்லாவிட்டால் பயனுள்ள வேலையும் இல்லை.

பிடிபடாமல் தப்புவது 88, 90 என்று வரம்புக்குள்ளேயே நிற்கும் எண். அப்போது இழுவை அட்டவணையைத் திறக்கச் சொல்வேன். இதழின் அகலமும் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கும் ரெனால்ட்ஸ் எண் குறைந்தால் இழுவை கூடும். ஒன்பது அங்குலப் புரொபெல்லரின் இதழ் நிமிடத்துக்கு 8,000 சுற்றில்கூட ஒரு லட்சத்துக்குக் குறைவான ரெனால்ட்ஸ் எண்ணில்தான் ஓடுகிறது. அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான நாகாவின் (NACA) இறக்கை அட்டவணைகளில் பரவலாகப் பயன்படுவன 30 லட்சத்தில் தொடங்குகின்றன. அங்கிருந்து எடுத்த இழுவை, சிறு இதழின் உண்மையான இழுவையில் ஒரு பகுதிதான் இருக்கும்.