தெருவெல்: நிலைத்த கோபுரங்களும் வெளியேற்றப்பட்ட சமூகமும்

ஸ்பெயினின் கிழக்கே அரகோன் பிராந்தியத்தில் உள்ள தெருவெல், அந்நாட்டில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாகாணங்களில் ஒன்று. ஆனால் அதன் தலைநகரான தெருவெல் நகரின் இடைக்காலக் கட்டடங்கள் உலகக் கட்டடக்கலை வரலாற்றில் தனி இடம் பெற்றவை. "முதேஹர்" பாணியில் அமைந்த இக்கட்டடங்களை 1986ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 2001ஆம் ஆண்டு அரகோனின் வேறு ஆறு கட்டடங்களும் இப்பட்டியலில் இணைக்கப்பட்டன.

முதேஹர் என்பவர் யார்?

1171ஆம் ஆண்டு அரகோன் மன்னர் இரண்டாம் அல்போன்ஸோ தெருவெல்லைக் கைப்பற்றி, அங்கு கிறிஸ்தவர்களைக் குடியேற்றினார். கிறிஸ்தவ ஆட்சியின் கீழ் வந்த நிலப்பகுதிகளில் தமது மதத்தைக் கைவிடாது தொடர்ந்து வாழ்ந்த முஸ்லிம்களே முதேஹர் என்று அழைக்கப்பட்டனர். தங்கிவிட்டவர், அடங்கி நடப்பவர் என்ற இரு பொருளையும் தரும் அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. அவர்களுக்கெனப் பள்ளிவாசல்களும் நீதிபதிகளும் இருந்தனர். அதேவேளை அவர்கள் தனி வரி செலுத்த வேண்டியிருந்தது. சமஉரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

செங்கல்லும் ஓடும்

புதிய நகருக்குத் தேவாலயங்கள் தேவைப்பட்டன. கருங்கல் வேலையைவிடச் செங்கல் வேலைக்குச் செலவு குறைவு, காலமும் குறைவு. அவ்வேலையில் தேர்ந்தவர்களாக முஸ்லிம் கைவினைஞர்கள் இருந்தனர். இதனால் கிறிஸ்தவ வழிபாட்டிடங்கள் இஸ்லாமிய மரபின் நுட்பங்களுடன் எழுந்தன.

1257ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய பேராலயக் கோபுரம், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த சான் மார்ட்டின், எல் சல்வதோர் கோபுரங்கள் ஆகியவற்றின் அடிப்பகுதியில் வளைவு வாயில்கள் உள்ளன. தெரு அவற்றின் ஊடாகவே செல்கிறது. சான் மார்ட்டின் கோபுரம் உண்மையில் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு கோபுரங்களைக் கொண்டது. இடைவெளியில் படிக்கட்டு ஏறிச் செல்கிறது. வட ஆபிரிக்க, தென் ஸ்பெயின் மினாராக்களில் காணப்படும் அமைப்பு இது. உச்சியில் ஒலிப்பது மட்டும் தேவாலய மணி. வெளிச்சுவரில் பச்சை, வெள்ளை நிறப் பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன.

பேராலயத்தின் 13ஆம் நூற்றாண்டு மரக்கூரை சுமார் 32 மீட்டர் நீளமானது. மன்னர்களும் வீரர்களும் மட்டுமன்றி, வேலை செய்யும் தச்சர்களும் அதில் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளனர். 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வளைகூரையொன்று இதனை நெடுங்காலம் மறைத்திருந்தது. 1937 டிசம்பர் முதல் 1938 பெப்ரவரி வரை உள்நாட்டுப் போரின் கடும் சண்டை தெருவெல்லில் நடைபெற்றபோது பேராலயமும் சேதமடைந்தது. அதன் பின்னர் நடந்த சீரமைப்புப் பணிகளின் மூலம் மரக்கூரை மீண்டும் பார்வைக்கு வந்தது.

வெளியேற்றம்

இக்கட்டடங்களை மத நல்லிணக்கத்தின் அடையாளம் எனக் கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. 1526ஆம் ஆண்டுக்குள் அரகோனின் முஸ்லிம்கள் அனைவரும் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்பட்டனர். மாறிய பின்னரும் "மொரிஸ்கோ" என்ற சந்தேகப் பெயர் அவர்களைத் தொடர்ந்தது. 1609ஆம் ஆண்டு மன்னர் மூன்றாம் பிலிப் தொடங்கிய வெளியேற்றம், 1610இல் அரகோனையும் எட்டியது. ஸ்பெயின் முழுவதிலுமிருந்து சுமார் 3 லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். ஒரு சமூகத்தின் கலையை ஏற்றுக்கொண்ட நாடு, அச்சமூகத்தை ஏற்க மறுத்தது.

இன்றைய நெருக்கடி

இன்று தெருவெல் எதிர்கொள்வது வேறு வகையான வெறுமை. 1900ஆம் ஆண்டில் இம்மாகாணத்தில் சுமார் 2,50,000 பேர் வாழ்ந்தனர். இப்போது அந்த எண்ணிக்கை சுமார் 1,35,000. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் மட்டுமே வசிக்கின்றனர். வேலை தேடி இளைஞர்கள் பெருநகரங்களுக்குச் சென்றதே இதற்கு முக்கிய காரணம்.

சாலை, ரயில், மருத்துவ வசதிகள் கோரி 1999ஆம் ஆண்டு "தெருவெல் இருக்கிறது" என்ற பொருளுடைய பெயரில் மக்கள் இயக்கம் ஒன்று தோன்றியது. 2019 நவம்பர் தேர்தலில் அது ஸ்பெயின் நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடத்தைப் பெற்றது. 2023இல் அந்த இடத்தை இழந்தது.

உலகப் பாரம்பரியத் தகுதி சுற்றுலாப் பயணிகளை அழைத்து வரும். கோபுரங்களைச் சீரமைக்க நிதியும் தரலாம். ஆனால் அவற்றின் கீழ் குடியிருக்க மக்களை அதனால் மட்டும் தக்கவைத்துவிட முடியாது என்பதே தெருவெல்லின் அனுபவம்.