எவ்ரிபடி என்றால் யார் யார்?

ஆங்கிலத்தில் 'எவ்ரிபடி' என்று ஒரு சொல் உண்டு. பொருளில் எல்லோரும், இலக்கணத்தில் ஒருமை. அதைத் திரும்பச் சுட்டும்போது 'அவன்' என்பதா, 'அவர்கள்' என்பதா? ஜனங்கள் நெடுங்காலமாக 'அவர்கள்' என்றே சொல்லி வந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்களோ, "அவன் என்றால் போதும், அதில் பெண்ணும் அடக்கம்" என்றார்கள். சட்டங்களில் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 1850-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டும் விதித்தது. 1867-இல் வந்த தேர்தல் சட்டம் 'ஒவ்வொரு மனிதனும்' என்றது. "அப்படியானால் எங்களுக்கும் ஓட்டு உண்டு!" என்று மான்செஸ்டரில் 5,000-க்கு மேற்பட்ட பெண்கள் கிளம்பினார்கள். 1868-இல் நீதிபதிகள் கையை விரித்துவிட்டார்கள். வரி கட்டும்போது 'அவனில்' அடங்கிய பெண், ஓட்டுப் போடும்போது அடங்கவில்லை! ஆணுக்குச் சமமான ஓட்டு அவளுக்குக் கிடைத்தது 1928-இல்தான். நம்முடைய 'எவரும்', 'ஒருவர்' ஆகியவற்றில் ஆண், பெண் பேதமே இல்லை. ஆனால், சொல் மட்டும் இடம் கொடுத்தால் போதுமா?